இதய அறுவைக்குப் பின் துடிப்பு தடம் மாறாதிருக்க மெக்னீசியம்: நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் முழுமையான வழிகாட்டி

இதய அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, முதல் சில நாட்களுக்குள் துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. பைபாஸ் மட்டும் என்றால் நாலில் ஒருவர் அளவுக்கு. வால்வு அறுவை என்றால் அதைவிடக் கூடுதல். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் பாதிப்பேர் வரை போகலாம். இந்தத் துடிப்புக் கோளாறுகளில் மிகப் பெரும்பான்மை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென அதிர்கின்றன, கீழறைகள் தாறுமாறான வேகத்தில் துடிக்கின்றன. அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில்தான் இது அதிகம் தலைகாட்டும். மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடுகின்றன. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவானால் பக்கவாத அபாயமும் கூடுகிறது.

இதைத் தடுக்க மெக்னீசியம் கொடுக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டதும், மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி இன்றே தொடங்கிவிடலாமா என்ற எண்ணம் பலருக்கு வரும். வேண்டாம். குறைந்திருக்கும் மெக்னீசியத்தைச் சரியான நேரத்தில், சரியான வழியில் நிரப்புவது பயன் தரும். குறைவே இல்லாத உடலில் மேலும் மேலும் ஏற்றுவதால் பெரிய பாதுகாப்பு கிடைத்துவிடாது, சிலருக்கு ஆபத்தும் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதயத்துக்கும் மெக்னீசியத்துக்கும் என்ன உறவு

ஒரு பெரியவரின் உடலில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசை போன்ற திசுக்களின் செல்களுக்குள். ரத்தத்தில் மிதப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இதயச் செல்லுக்குள் பொட்டாசியத்தை இழுத்து, சோடியத்தை வெளியேற்றும் பம்ப் வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். கால்சியம் செல்லுக்குள் அளவுமீறிப் பாயாமல் தடுப்பதும் அதுதான். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின்கடத்து முனையின் வேகத்தையும் அது சற்று மட்டுப்படுத்துகிறது. மெக்னீசியம் குறைந்தால் செல்கள் எளிதில் சீண்டப்படுகின்றன. தானாகத் துடிக்க வேண்டாத இடங்களிலிருந்தும் மின்தூண்டல் கிளம்புகிறது.

இதய அறுவையின்போது இந்த அளவு விழுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் ஒரே நாளில் சேர்ந்துகொள்கின்றன. அறுவை நேரத்தில் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தில் நிரப்பியிருக்கும் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. ஏற்றப்படும் ரத்தத்தில் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள சிட்ரேட், மெக்னீசியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. அறுவையின் அழுத்தத்தில் பெருகும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் அதை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளுகின்றன. அறுவைக்குப் பின் உடலில் தேங்கிய நீரை வெளியேற்றக் கொடுக்கும் ஃபுரோசமைடு சிறுநீர் வழியாக மெக்னீசியத்தையும் கொண்டுபோய்விடுகிறது. ஆக, துடிப்பு தடுமாற வாய்ப்புள்ள அதே நாட்களில்தான் மெக்னீசியமும் தரைதட்டி நிற்கிறது. மருத்துவர்கள் இதன்மேல் கண்வைத்ததற்கு இந்தப் பொருத்தமே காரணம்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறவர்கள் உண்டு.

இதய அறுவைக்குப் பிந்தைய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தடுக்கும் வழிகளை அலசிய காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு) தொகுப்பாய்வு 2013-இல் வெளிவந்தது. 118 ஆய்வுகள், 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். பீட்டா பிளாக்கர் (துடிப்பின் வேகத்தையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கும் மருந்து வகை), துடிப்பைச் சீராக்கும் மருந்துகளான சோட்டலால், அமியோடரோன், மேலறையைப் பேஸ்மேக்கரால் இயக்குவது ஆகியவற்றுடன் மெக்னீசியமும் பயனுள்ளவற்றின் வரிசையில் இடம்பெற்றது. ஆனால் மெக்னீசியம் பற்றிய ஆய்வுகளில் பல சிறியவை, ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை.

மறுபக்கம், கனடாவில் 927 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு. இதயத்துக்கு ரத்தம் திரும்பும் நேரத்தில் 5 கிராம் மெக்னீசியம் சல்பேட், பிறகு நான்கு நாட்கள் தினமும் சொட்டாக. ஒரு பிரிவுக்கு மெக்னீசியம், மறுபிரிவுக்கு வெறும் திரவம். வாய்வழி பீட்டா பிளாக்கரும் சிகிச்சையில் இருந்தது. இரு பிரிவிலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத் துடிப்புக் கோளாறு வந்தது, வேறுபாடே இல்லை. தரமான இரட்டை மறைப்பு (யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத) ஆய்வுகளை மட்டும் சேர்த்துப் பார்த்த பிந்தைய தொகுப்பாய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இது: பீட்டா பிளாக்கர் சரியாகக் கொடுக்கப்படும் நோயாளிக்கு, வழக்கமான மெக்னீசியத்தின் கூடுதல் பங்கு சிறியது. பீட்டா பிளாக்கர் கொடுக்க முடியாதவருக்கும், மெக்னீசியம் உண்மையிலேயே தாழ்ந்திருப்பவருக்கும் அதன் மதிப்பு கூடுகிறது. மலிவானது, பல காலமாகப் பழகிய மருந்து, சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்பானது என்பதால் பல இதய அறுவைக் குழுக்கள் அதைக் கைவிடவில்லை. அந்த அணுகுமுறையில் தவறில்லை. அதை மட்டுமே நம்பி மற்றவற்றை விட்டுவிடுவதுதான் தவறு.

முதல் படி: அறுவைக்கு முன்பே மருந்துப் பட்டியலைத் துருவுங்கள்

முழு வழிகாட்டியிலும் குடும்பத்தார் கையில் மிக அதிகமாக இருக்கும் படி இதுதான். தேதி குறித்தவுடன், நோயாளி சாப்பிடும் எல்லா மருந்துகளையும், அளவு, எத்தனை காலமாக என்ற விவரத்தோடு ஒரே தாளில் எழுதுங்கள். மெக்னீசியத்தைக் கரைக்கும் மருந்துகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலில் நீர்ப்போக்கு மாத்திரைகள் (சிறுநீரைப் பெருக்குபவை): ஃபுரோசமைடு, டோரசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை. ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு கூட்டு மருந்தாக மறைந்திருக்கும். பெயரை மட்டும் பார்க்காமல் அட்டையின் பின்புறம் பாருங்கள். அடுத்தது, வயிற்று எரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை. இவற்றை நீண்ட காலம் எடுத்துக்கொண்டால் மெக்னீசியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே எச்சரித்தது. இன்றும் இந்த மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மருத்துவர் கேட்டால் சொல்லக்கூடத் தோன்றாது. சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, நாட்பட்ட வயிற்றுப்போக்கு, தொடர்ந்த மதுப்பழக்கம் ஆகியவையும் மெக்னீசியத்தை வற்றச் செய்யும். மதுப்பழக்கத்தை மறைப்பவர்கள் அதிகம். ஆனால் அறுவைக் குழுவுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக பீட்டா பிளாக்கரை. மெட்டோபிரலால், பைசோபிரலால், அட்டெனலால் போன்றவற்றை அறுவைக்கு முன் திடீரென விட்டால், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பே கூடிவிடும். அறுவை நாள் காலையில் எவற்றைச் சாப்பிடுவது, எவற்றை விடுவது என்று மயக்க மருத்துவரிடம் ஒவ்வொரு மருந்தாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ரத்தத்தில் அளந்து பாருங்கள்

வழக்கமாக எடுக்கும் உப்புப் பரிசோதனையில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கும், மெக்னீசியம் பெரும்பாலும் இருக்காது. தனியாக எழுதிக் கேட்டால்தான் வரும். எனவே "மெக்னீசியமும் பார்த்தாகிவிட்டதா?" என்று ஒருமுறை கேட்பது உரிமைமீறல் ஆகாது.

வழக்கமான அளவு லிட்டருக்கு சுமார் 0.7 முதல் 1.0 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.4 மில்லிகிராம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை சற்று மாறும். எந்த அலகில் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், 0.9 மில்லிமோல் நல்ல அளவு, 0.9 மில்லிகிராம் கடுமையான குறைவு.

இந்த எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. மொத்த மெக்னீசியத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதைத்தான் அது காட்டுகிறது. செல்லுக்குள் வறட்சி இருந்தும் ரத்த அளவு சரியாகத் தெரியலாம். அளவு கீழ் எல்லையை ஒட்டியிருந்து, நோயாளி நீண்ட காலம் நீர்ப்போக்கு மாத்திரை எடுத்தவராக இருந்தால், மருத்துவர்கள் அதைக் குறைவாகவே எண்ணி நிரப்ப முற்படுவதும் அதனால்தான். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் அளவு பொய்யாகக் கூடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லையா? மெக்னீசியத்தைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்காமல் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். முதலில் மெக்னீசியத்தைச் சரிசெய்தால்தான் பொட்டாசியம் நிலைக்கும்.

மூன்றாம் படி: யாருக்கு எச்சரிக்கை

மெக்னீசியம் வெளியேறும் வழி சிறுநீரகம். அது பழுதுபட்டிருந்தால் கொடுத்தது உள்ளேயே தேங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும், அறுவைக்குப் பின் மணிக்கணக்கில் வெளியேறும் சிறுநீரின் அளவும் தெரியாமல் மெக்னீசியம் ஏற்றக் கூடாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்த முடிவு சிறுநீரக மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது.

பேஸ்மேக்கர் இல்லாத நிலையில் இதயத்தின் மின்கடத்தலில் தடை உள்ளவர்கள், மையஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்கள் ஆகியோர்க்கும் மெக்னீசியம் ஆபத்து தரும். அந்தத் தசைநோய் குடும்பத்தார் வாயிலாகவே அறுவைக் குழுவுக்குத் தெரியவரும் சந்தர்ப்பங்கள் உண்டு. மறக்காதீர்கள்.

நான்காம் படி: அறுவை அரங்கிலும் ஐ.சி.யூ.விலும்

இங்கே முடிவும் செயலும் மருத்துவர்கள் கையில். என்ன நடக்கிறது என்று புரிந்திருந்தால் பதற்றம் குறையும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கொடுப்பது மெக்னீசியம் சல்பேட், சிரை (ரத்தக்குழாய்) வழியாக. 1 கிராம் மெக்னீசியம் சல்பேட்டில் தூய மெக்னீசியம் சுமார் 98 மில்லிகிராம்தான், 4 மில்லிமோல். பொதுவாக ஒருமுறைக்கு 1 முதல் 2 கிராம் வரை, திரவத்தில் கலந்து சொட்டாக ஏற்றுவார்கள். சில குழுக்கள் இயந்திரத்திலிருந்து இதயம் விடுபடும் நேரத்திலேயே தொடங்கிவிடும், சில குழுக்கள் ஐ.சி.யூ.வுக்கு வந்து ரத்த அளவைப் பார்த்த பிறகு தொடங்கும். ஆம்பூலில் வரும் 50 விழுக்காட்டுக் கரைசலை அப்படியே சிரையில் செலுத்தக் கூடாது. 20 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் நீர்க்கச் செய்ய வேண்டும்.

வேகம் இங்கே மிக முக்கியம், அதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. சிறுநீரகத்தில் மெக்னீசியத்தின் பெரும்பகுதியை மீட்டெடுக்கும் குழாய்ப்பகுதி, ரத்தத்தில் அளவு திடீரென ஏறியதைக் கண்டால் மீட்பைக் குறைத்துக்கொள்கிறது. அவசரமாக ஏற்றினால் கொடுத்ததில் பாதிவரை சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். மெதுவாக ஏற்றினால் செல்களுக்குள் சேர நேரம் கிடைக்கிறது. வேகமாக ஓடினால் ரத்த அழுத்தம் சரிவதும் உண்டு. "சொட்டு ஏன் இவ்வளவு மெதுவாக விழுகிறது?" என்று தோன்றினால் அதைத் தொடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்தான வேறொரு துடிப்புக் கோளாறில், ஈ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. இடைவெளி நீண்டு கீழறை முறுக்கிக்கொண்டு துடிக்கும் டோர்சாட் வகையில், 2 கிராமைச் சில நிமிடங்களில் கொடுப்பார்கள். அது அவசர சிகிச்சை. தடுப்புக்குக் கொடுப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: அளவு மீறுகிறதா என்று கவனியுங்கள்

மருந்து ஏறும்போது உடலில் சூடு பரவுவது, முகம் சிவப்பது, லேசான குமட்டல் ஆகியவை வழக்கம். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தால் போய்விடும். உண்மையான நச்சுத்தன்மை படிப்படியாக வரும். முழங்காலைத் தட்டினால் கால் துள்ளும் அனிச்சைச் செயல் முதலில் மறைகிறது. ரத்தத்தில் வழக்கமான அளவைப் போல நான்கைந்து மடங்கு ஆகும்போது அது நடக்கும். அதற்கு மேல் அயர்வும் தசைத்தளர்ச்சியும், பிறகு மூச்சு மந்தம், கடைசியில் இதயம் நிற்பது. முறையாகக் கண்காணிக்கும் இடத்தில் முதல் கட்டமே எட்டுவது அரிது.

மாற்று மருந்து சிரைவழிக் கால்சியம் குளுக்கோனேட். மெக்னீசியம் ஏற்றும் வார்டில் அது கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

அறுவையின்போது கொடுக்கும் தசைத்தளர்த்தி மருந்துகளின் வீரியத்தை மெக்னீசியம் நீட்டித்துவிடும். நோயாளி செயற்கைச் சுவாசத்திலிருந்து வெளிவரச் சற்றுத் தாமதமானால் மயக்க மருத்துவர் இதையும் கணக்கில் வைப்பார். அருகிலிருக்கும் உறவினர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எழுப்பினாலும் எழாத அயர்வோ மூச்சு மெலிவதோ தெரிந்தால் உடனே செவிலியரை அழைப்பது.

ஆறாம் படி: மெக்னீசியத்தோடு மற்ற காவல்களும்

தடுப்பில் முதலிடம் பீட்டா பிளாக்கருக்கு. ரத்த அழுத்தமும் துடிப்பும் இடம் கொடுத்தால், அறுவைக்குப் பின் அதை எவ்வளவு விரைவில் மீண்டும் தொடங்குகிறார்கள் என்பதைக் கேளுங்கள். மூத்த வயது, முன்பே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்த வரலாறு, விரிந்த இடது மேலறை, வால்வு அறுவை என்று அபாயம் கூடியவர்களுக்கு அமியோடரோனும் யோசிக்கப்படும்.

அறுவை முறையிலேயே ஒரு தடுப்பு உண்டு. இதயத்தை மூடியிருக்கும் உறையின் பின்புறத்தில் சிறு திறப்பு வைத்தால், அங்கே தேங்கும் ரத்தமும் திரவமும் இடப்புற மார்புக்குழிக்குள் வடிந்துவிடும். நியூயார்க்கில் 420 பேரிடம் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், இந்தத் திறப்பு வைத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் வைக்காதவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது. அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கத் தகுந்த கேள்வி இது.

பொட்டாசியத்தை எப்போதும் லிட்டருக்கு 4.5 மில்லிமோலுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் பைபாஸ் நோயாளிகள் 1,690 பேரிடம் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வில், 3.6-க்குக் கீழே போனால் மட்டும் நிரப்பியவர்களுக்கும் 4.5-க்கு மேல் வைத்திருந்தவர்களுக்கும் துடிப்புக் கோளாறில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெக்னீசியத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்: குறைவைத் திருத்துவது வேறு, எண்ணை உயர்த்திக்கொண்டே போவது வேறு.

ஏழாம் படி: அப்படியும் வந்துவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் வரலாம். யாரும் தவறு செய்தார்கள் என்று பொருளில்லை. படபடப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் இருக்கலாம்; எதுவுமே தெரியாமல் மானிட்டரில் மட்டும் பிடிபடலாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தையோ தாளத்தைத் திருப்பும் மருந்தையோ தருவார்கள். ரத்த அழுத்தம் சரிந்தால் மின் அதிர்ச்சி. அப்போதும் மெக்னீசியம், பொட்டாசியம் இரண்டும் மறுபடி பார்க்கப்படும். பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே, ஏறத்தாழ எல்லோருக்கும் ஆறேழு வாரங்களுக்குள் தாளம் திரும்பிவிடுகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை 60 நாட்களுக்குத் தொடரச் சொல்வதுண்டு. ரத்தக்கசிவு அபாயத்தைப் பார்த்து இது ஆளுக்கு ஆள் மாறும்.

எட்டாம் படி: வீடு திரும்பிய பிறகு

மெக்னீசியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், எத்தனை நாளைக்கு, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் வாங்க வேண்டாம். அறுவை வாரத்தில் சிரை வழி கிடைத்ததற்கு மாத்திரை ஈடாகாது. மெக்னீசியம் ஆக்சைடு மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, சிட்ரேட் கொஞ்சம் மேல். இரண்டுமே கூடினால் வயிற்றுப்போக்கு வரும், அந்த வயிற்றுப்போக்கிலேயே மெக்னீசியமும் பொட்டாசியமும் இழக்கப்படும். அட்டையில் எழுதியிருக்கும் எடை சேர்மத்தின் எடையா, தூய மெக்னீசியத்தின் எடையா என்றும் பாருங்கள். 400 மில்லிகிராம் ஆக்சைடில் தூய மெக்னீசியம் சுமார் 240 மில்லிகிராம்தான்.

தைராய்டு மாத்திரை, டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றை மெக்னீசியத்தோடு ஒரே நேரத்தில் விழுங்கினால் அவை சரியாக உறிஞ்சப்படாது. சில மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

உணவிலிருந்து மெக்னீசியம் பெறுவது நல்லது: முழு தானியங்கள், பயறு வகைகள், கொட்டைகள், கீரைகள். வால்வு மாற்றி வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் மட்டும் கீரையைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குலைத்துவிடும். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் போதும்.

தினமும் ஒரே நேரத்தில், உட்கார்ந்த நிலையில், மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி எழுதி வையுங்கள். தாளம் தாறுமாறாக இருந்தாலோ, ஓய்விலும் நிமிடத்துக்கு 110-க்கு மேல் ஓடினாலோ அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், கடுமையான மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். எழுதிவைத்த மருந்துப் பட்டியலையும் நாடிக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.